ஒருவர் நீங்கலாக

சேந்தங்குடியில் இராஜாங்கத்துக்கு இன்னொரு பெயர் உண்டு. நீங்கலாக. "நீங்கலாக இந்தப் பக்கம் வந்தாரா?" என்பார்கள். "நீங்கலாக வீட்டு மாடு கன்னு போட்டிருக்காம்" என்பார்கள். சொல்லும்போது யாரும் சிரிப்பதுகூட இல்லை, அவ்வளவு பழகிவிட்டது. கிரயப் பத்திரத்தில் வருகிற சொல்தான் அது. வாய்க்கால் நீங்கலாக, பாதை நீங்கலாக மீதி நிலம் என்று எழுதுவார்களே, அதே சொல். அப்படி ஒரு மனிதரை ஊரிலிருந்து நீங்கலாக எழுதிவிட்டார்கள். எழுத வைத்தது வேறு யாருமில்லை, அவருடைய சொந்த வலது கை.

குடவாசலுக்குக் கிழக்கே, சோழசூடாமணி ஆற்றை ஒட்டி இருக்கிறது ஊர். இராஜாங்கத்துக்கு அங்கே ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு. அப்பா கண்ணுசாமி மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பண்ணையிலிருந்து பிரித்துக் கொடுத்த நிலம் அது. சட்டத்தைப் போட்டது மெட்ராஸில். நிலம் கைக்கு வந்தது அடிதடியில். முதல் அறுப்பின்போது வரப்பில் போலீஸ் நின்றது. களத்து மேட்டில் மிராசுதாரின் ஆட்கள் கம்போடு நின்றார்கள். கண்ணுசாமி நெற்றியில் தையலோடு குனிந்து அறுத்தார். அதே பண்ணையிலிருந்து அடுத்த ஆறு மாவைப் பெற்றவர் தங்கையனின் அப்பா. இரண்டு நிலத்துக்கும் நடுவே ஒரே வரப்பு. பிறகு இராஜாங்கத்தின் தங்கையைத் தங்கையன் கட்டிக்கொண்டதும் அந்த வரப்பும் பேருக்குத்தான் என்று ஆயிற்று. தண்ணீர் வைக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு வயலுக்கும் மடை திறந்துவிட்டுத்தான் வருவார்.

இராஜாங்கம் ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். அதிகம் பேசமாட்டார். பேச வேண்டிய இடத்திலும் பேசமாட்டார் என்பது அவர் மனைவி செவ்வந்தியின் தீராத புகார். கதை முழுக்க அந்தப் புகாருக்கு ஆதாரம் கிடைத்துக்கொண்டே இருக்கும், அதனால் இப்போதே சொல்லிவைக்கலாம்.

அந்த வருஷம் கோடையில் அவருக்கு வலி வந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே எங்கோ கிளம்பி, மேல்கையின் பின்பக்கமாக இறங்கி, முழங்கையைத் தாண்டி, நடுவிரல் நுனியில் போய்ச் சுரீரென்று நிற்கும். கையைத் தொங்கவிட்டால் வலி. படுத்தால் அதைவிட வலி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் வரப்பில் நடக்கும்போது வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த துண்டு காற்றில் பறக்கப் பார்த்தது. வலது கையால் அழுத்திப் பிடித்தார். வலி நின்றுவிட்டது. கையை எடுத்தார், வந்துவிட்டது. மறுபடி வைத்தார், நின்றது. இதென்ன கூத்து என்று அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து கை தலைக்குக் குடிபோய்விட்டது.

நம் பக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவது சாதாரண விஷயமில்லை. வீட்டில் பெரிய இழப்பு நேர்ந்தவன்தான் அப்படி உட்காருவான். செவ்வந்தி முதல் நாளே கத்தினாள்.

"ஏங்க, கையை எறக்குங்க. நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கேன். தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"எறக்குனா வலிக்குது."

"வலிக்கிற கையை யாராச்சும் தூக்கி வச்சுப்பாங்களா?"

டீக்கடையில் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கும்பகோணம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாப் போயிடும் பெரியவரே என்று தோளில் தட்டினார். தட்டியது வலது தோளில். அதன்பிறகு இராஜாங்கம் ஒரு யுக்தி செய்தார். எங்கே போனாலும் தலையில் துண்டைப் போட்டு, அதைப் பிடித்திருப்பதுபோல் கையை மேலே வைத்துக்கொண்டார். நிழலில் நிற்கும்போதும் அப்படியே நின்றார்.

குடவாசல் கிளினிக்கில் காட்டினார். அங்கே இருந்த டாக்டர் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நரம்புல கோளாறு" என்று சொன்னார். அங்கேதான் எல்லாம் கெட்டது. பஸ் ஸ்டாண்டு சுவர்களில் நரம்புத் தளர்ச்சிக்கு வைத்தியம் செய்வதாக எழுதியிருப்பார்களே, எந்த லாட்ஜில், எந்தக் கிழமையில் என்று. அது எந்தத் தளர்ச்சி என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐம்பது வயதுக்கு மேல் போய், எனக்கு நரம்புக் கோளாறு என்று எந்த வாயால் சொல்வது? செவ்வந்தியிடம் மட்டும் சொன்னார். மற்றவர்களிடம் மூச்சு விடவில்லை. தங்கையன் நேராகவே கேட்டபோதுகூட, "ஒண்ணுமில்ல மாப்ள, வெயிலு" என்று சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் வெயிலைத் தவிர வேறு எதுவும் ஊருக்குச் சரியாக வரவில்லை. மேட்டூரில் தண்ணீர் இல்லை, குறுவை போயிற்று. அந்த நேரம் பார்த்து, வயல்களுக்கு அடியில் எரிவாயுக் குழாய் பதிக்க ஒரு கம்பெனி வந்தது. கல் நட்டுக்கொண்டு வந்த கோடு இராஜாங்கத்தின் ஆறு மாவையும் தங்கையனின் ஆறு மாவையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. ஊரே எதிர்த்தது. முன்னால் நின்றவர் தங்கையன். சுதந்திர தினத்தன்று நடக்கும் கிராம சபையில் ஒருவர்கூட மாறாமல் தீர்மானம் போட்டு அனுப்பினால் கலெக்டரே யோசிப்பார் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார்.

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூட வாசலில் கொடி ஏற்றினார்கள். கொடிக்கு மரியாதையாக இராஜாங்கம் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கூட்டம் தொடங்கியது. கம்பெனிக்காரர் நஷ்டஈடு பற்றி இனிமையாகப் பேசினார். முந்தின இரவெல்லாம் தூங்காத இராஜாங்கத்துக்கு அந்தக் குரல் தாலாட்டாக இருந்தது. கை தானாகத் தலைக்குப் போயிற்று, கண் சொருகியது.

தாலுகாவிலிருந்து வந்த அதிகாரி எழுந்தார். "எல்லாரும் எதிர்ப்புன்னு சொல்றீங்க, சரி. முறைக்காகக் கேட்டுடுறேன். திட்டத்துக்குச் சம்மதம் உள்ளவங்க கையைத் தூக்குங்க."

ஊரே கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு கை மட்டும் தலைமேல் இருந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்த சத்தத்தில் இராஜாங்கம் விழித்தார். என்ன கேட்டார்கள் என்று புரிவதற்குள் கையை இறக்கினார். நடுவிரல் வரை தீ ஓடியது. கை மறுபடி மேலே போய்விட்டது. இறக்கி ஏற்றியதில், இரண்டாம் முறையும் தூக்கிக் காட்டியதாகவே ஆயிற்று.

ஊராட்சிச் செயலர் தியாகராசன் கெட்டவர் இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதுகிறவர், அவ்வளவுதான். எழுதி முடித்து உரக்கப் படித்தார். "ஒருவர் நீங்கலாக அனைவரும் எதிர்ப்புத் தெரிவித்ததாகத் தீர்மானிக்கப்பட்டது."

அப்போது எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கை வலி என்று சொன்னால் என்ன வலி என்பார்கள். நரம்பு என்று சொல்ல வேண்டும். முன் வரிசையில் அத்தனை பெண்கள். இராஜாங்கத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மறுவாரம் கம்பெனி ஜீப் அவர் வாசலில் நின்று, உள்ளே இருந்தவர் இறங்கி வந்து வணக்கம் ஐயா என்று கும்பிட்டுவிட்டுப் போனார். தெருவே பார்த்தது. கும்பிடாமல் திட்டியிருந்தால் எவ்வளவு உபகாரமாக இருந்திருக்கும்.

அன்று மாலை தங்கையன் வரப்பில் வந்து நின்றார்.

"மச்சான், உங்க அப்பாரு நெத்தியில தையலோட அறுத்த நெலம். அதைக் கொடுக்கவா கையைத் தூக்குனீங்க?"

"தூக்கலை மாப்ள. வலிக்கு வச்சிருந்தேன்."

"கை வலின்னா தொங்கப் போடுவாங்க. தூக்குவாங்களா?"

"எனக்குத் தூக்குனாத்தான் வலிக்கலை."

"அப்படி ஒரு வலியை நான் கேள்விப்பட்டதில்ல."

இராஜாங்கம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நரம்பு மாப்ள."

"நரம்பா?" தங்கையன் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபத்துக்கு நடுவே சிரிப்பும் வந்து, அதனால் கோபம் இன்னும் கூடியது. "அதுக்கும் தலையில கை வைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? சரி, காந்தி ஜெயந்திக்கு அடுத்த கூட்டம். அங்க வந்து எல்லாரும் பாக்கக் கையை எறக்குங்க. வலியா நடிப்பான்னு ஊரு பாக்கட்டும்."

போகும்போது தன் மடையை மட்டும் திறந்துவிட்டுப் போனார். ஆற்றில் ஓடிய கொஞ்சத் தண்ணீரும் அவர் பக்கம் போயிற்று. இராஜாங்கத்துக்குத் தண்ணீரைப் பற்றிக்கூடக் கவலை இல்லை. வேறொன்று குடைந்தது. அன்று கூட்டத்தில் கண் சொருகுவதற்கு முன்னால், தண்ணீரே வராத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம், கொடுத்தால் கொடுத்துவிடலாமே என்று ஒரு நினைப்பு வந்ததா இல்லையா? வந்த மாதிரியும் இருந்தது, அப்புறம் வந்ததை முன்னால் வந்ததாக நினைக்கிற மாதிரியும் இருந்தது. கை வலியால் போயிற்றா, மனசால் போயிற்றா? யோசிக்க யோசிக்கக் குழம்பியது.

மண்வெட்டி பிடி நழுவ ஆரம்பித்தபோது செவ்வந்தி பொறுக்கவில்லை. தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் கமருன்னிஸா என்று ஒரு பெண். வலிக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்றார்கள். அப்படி ஒரு டாக்டர் இருப்பதே இராஜாங்கத்துக்கு ஆச்சரியம். நாற்காலியில் உட்கார்ந்ததும் கை பாட்டுக்குத் தலைக்குப் போயிற்று. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு நாளா இப்படிக் கையைத் தலையில வச்சிருக்கீங்க ஐயா?"

யார் செத்தது என்று கேட்காத முதல் ஆள்.

"கோடையிலேருந்து. வச்சா வலி நிக்குது டாக்டரம்மா. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"நிக்கும். கழுத்து நரம்பு அழுந்துறவங்க நெறைய பேரு இப்படித்தான் உள்ள வருவாங்க. கையை மேல வச்சா நரம்போட இழுவை கொறையும். இதைப் பாத்தாலே எங்களுக்குப் பாதி தெரிஞ்சுடும்."

இந்த அம்மாளை அப்படியே பஸ்ஸில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்தால் போதும்.

ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்து எலும்புகளுக்கு நடுவே ஒரு ஜவ்வு பிதுங்கி, கைக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். நரம்பைச் சுற்றி வீக்கம்.

"வலி கையிலதானே டாக்டரம்மா?"

"தெரியுறது கையில. இருக்கிறது கழுத்துல. நீங்க விவசாயம்தானே? தலைமடையில அடைச்சா கடைமடை காயுதுல்ல, அது மாதிரி."

இராஜாங்கம் யோசித்தார். "காயும். ஆனா எரியாதுங்களே."

டாக்டர் அந்த உதாரணத்தைக் கைவிட்டார். கழுத்தில், அந்த நரம்புக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார்.

"நரம்பு ஊசியா? கிளினிக்குல போட்டிருக்காங்க. இந்த மடக்குல." முழங்கை மடிப்பைக் காட்டினார்.

"அது ரத்தக் குழாய். நம்ம பேச்சுல ரெண்டையும் நரம்புன்னுதான் சொல்றோம். அந்த நரம்பு வேற, இந்த நரம்பு வேற."

"லாட்ஜுல பாக்கிறாங்களே, அந்த நரம்பு?"

"அது மூணாவது. அதை விடுங்க."

ஆக மூன்று நரம்பு. அதில் ஒன்று குழாய். குழாய் என்ற சொல்லைக் கேட்டதுமே அவருக்கு வயலுக்கு அடியில் வரப்போகிற குழாய் ஞாபகம் வந்தது. செவ்வந்தியைப் பயமுறுத்தியது ஸ்டீராய்டு என்ற சொல். மூட்டுவலிக்கு வெள்ளை மாத்திரை வாங்கித் தின்றே முகம் பூசணிக்காயாக வீங்கிப்போன ஒருத்தியை அவளுக்குத் தெரியும்.

"மூஞ்சி வீங்கிடுமேம்மா."

"தெனமும் மாசக்கணக்கா முழுங்குனா வீங்கும்மா. இது ஒரு எடத்துல, ஒரு தடவை. முகம் ஒரு நாள் செவக்கலாம். சுகர் இருக்கிறவங்களுக்குக் கொஞ்ச நாள் ஏறும், இவருக்கு இல்ல. கழுத்துங்கிறதால ஆபத்தே இல்லைன்னு சொல்லமாட்டேன். ரொம்ப அபூர்வமா ஆகும். அதனாலதான் எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே போடுறோம்."

"வலி போயிடும்ல?"

"நெறைய பேருக்குக் கொறையும். சிலருக்குக் கொறையாது. கொறைஞ்சாலும் கொஞ்ச மாசத்துக்குத்தான். அதுக்குள்ள ஜவ்வு தானா சுருங்க வாய்ப்பு இருக்கு."

எல்லாமே குறையும், குறையாது, வாய்ப்பு இருக்கு என்றுதான் முடிந்தது. பிறகு கையை மடக்கி, என்னைத் தள்ளுங்க என்றார் டாக்டர். இராஜாங்கம் தள்ளினார். முழங்கை நிமிரவில்லை. ஒரு பெண்ணின் உள்ளங்கையை நகர்த்த முடியாமல் அவர் விழித்தார்.

"பலம் கொறைஞ்சிருக்கு. ஊசி வலியைத்தான் கொறைக்கும், பலத்தைத் தராது. பலம் மெதுவாத்தான் வரும். மேல கொறைஞ்சா ஆபரேஷன் பத்திப் பேசணும். தள்ளிப் போடாதீங்க."

"காந்தி ஜெயந்தி கழிச்சு வரட்டுங்களா?"

"ஏன்?"

செவ்வந்திதான் கூட்டம், கை, ஒருவர் நீங்கலாக, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வலியைச் சாட்சிக்கு வச்சுக்கப் போறீங்களா ஐயா?"

ஆமாம், அதுதான் அவர் எண்ணம். வலி போனால் கை இறங்கிவிடும். கை இறங்கிவிட்டால் காந்தி ஜெயந்தியன்று எதைக் காட்டுவது? அன்றைக்கு மட்டும் ஏறிய கை, காரியம் முடிந்ததும் இறங்கிவிட்டது என்றுதானே சொல்வார்கள்? ஊருக்குள் தலைகாட்ட வேண்டுமானால் வலி இன்னும் மூன்று வாரம் இருந்தாக வேண்டும். அதே சமயம், அன்று ராத்திரியை எப்படிக் கழிப்பது என்றும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் செவ்வந்தி ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"சுவத்துல சாஞ்சு உக்காந்து நீங்க தூங்குறதை நான்தான் பாக்குறேன். ஊரா பாக்குது? நாளைக்கு மம்முட்டி புடிக்க முடியலைன்னா ஊரா வந்து புடிக்கும்? எனக்கு நெலமும் வேணாம், தீர்மானமும் வேணாம். உள்ள வாங்க."

அவள் அழுதது அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போனார்.

ஊசி நாளன்று குப்புறப் படுக்க வைத்து, தலைக்கு மேலே ஒரு மிஷினை வளைத்து நிறுத்தினார்கள். அசையக் கூடாது, பேசலாம் என்றார் டாக்டர். பேசலாம் என்று அனுமதி கொடுத்த இடத்தில் அவருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. கழுத்தில் முதலில் ஒரு கடி, பிறகு மரமரப்பு. அதன்பின் ஒரு கணம், அந்தப் பழைய மின்சாரம் நடுவிரல் வரை ஓடிற்று.

"விரலுக்குப் போகுதா?"

"போகுது."

"நல்லது. அங்கதான்."

கழுத்தில் குத்தினால் விரலில் சுடுவதும், அது நல்லது என்பதும் அவருக்கு விளங்கவே இல்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்தபோது வலி இல்லை. கையைத் தொங்கவிட்டார். தொங்கியது. கனமாக, மரத்துப்போய், வேறு யாருடையதோ போல, ஆனால் தொங்கியது. பஸ்ஸில் வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ராத்திரி வலி திரும்பியது. மறுநாள் முன்னைவிட அதிகமாக இருந்தது. மரக்கச் செய்த மருந்தின் வேகம் இறங்கியதும் அப்படித்தான் இருக்கும், பொறுங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். செவ்வந்தி பயந்துபோனாள். இராஜாங்கத்துக்கோ உள்ளூர ஒரு நிம்மதி, சாட்சி இருக்கிறது என்று. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமும் பட்டார். நாலைந்து நாள் போனது. ஒரு காலையில் கண் விழித்தபோது பாயில் மல்லாந்து படுத்திருந்தார். கை பக்கத்தில் கிடந்தது. கோடைக்குப் பிறகு படுத்துத் தூங்கிய முதல் இரவு. சந்தோஷத்தில் செவ்வந்தியைக் கூப்பிட வாயெடுத்தவர், காந்தி ஜெயந்தி ஞாபகம் வந்து அப்படியே கிடந்தார்.

அவர் பயந்தபடியேதான் ஆயிற்று. "கை எறங்கிடுச்சு போல" என்றார்கள் டீக்கடையில். "வேலை முடிஞ்சதும் எறங்காம என்ன செய்யும்?" கழுத்தில் ஊசி போட்டதாகச் சொன்னார். கை வலிக்குக் கழுத்திலா என்று கேட்டுச் சிரித்தார்கள். தலைமடை, கடைமடை என்று ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே குழம்பிவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் தங்கையன் வரப்பில் எதிர்ப்பட்டார். வழிவிட்டு ஒதுங்காமல் நின்றார்.

"வலி போயிடுச்சாமே."

"போயிடுச்சு மாப்ள."

"ஊசியெல்லாம் இருக்கட்டும் மச்சான். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கொடுத்துடலாம்ங்கிற எண்ணம் அன்னைக்கு உங்க மனசுல இருந்துச்சா, இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யார் நெஞ்சைப் பிளந்து பார்க்கப் போகிறார்கள்? இராஜாங்கம் வயலைப் பார்த்தார். நாற்று இன்னும் நடாத சேறு வெடித்துக் கிடந்தது.

"தெரியலை மாப்ள."

"தெரியலையா?"

"சத்தியமா தெரியலை. யோசிச்சுப் பாத்துட்டேன்."

தங்கையன் வரப்பிலிருந்து இறங்கிப் போய்விட்டார். இப்படியும் ஒரு பதிலா என்று இராஜாங்கத்துக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

காந்தி ஜெயந்தியன்று அதே பள்ளிக்கூட வாசல், அதே அதிகாரி. இந்த முறை கம்பெனிக்காரர் வரவில்லை. இராஜாங்கம் கடைசி வரிசையில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்வரிசைப் பெண்களிடையே இருந்து செவ்வந்தி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி இந்தத் தடவை மாற்றிக் கேட்டார். "திட்டத்தை எதிர்க்கிறவங்க கையைத் தூக்குங்க."

எல்லாக் கைகளும் எழுந்தன. இராஜாங்கமும் தூக்கினார். தோள் எழுந்தது. முழங்கை நிமிரவில்லை. நிமிர்த்தப் பார்த்தார், முன்கை ஆடியது. ஆடி, மடங்கி, பழகிய இடத்திலேயே போய் விழுந்தது. வலி கொஞ்சமும் இல்லை. வலியே இல்லாமல் கை தலைமேல் இருந்தது.

தியாகராசன் பேனாவை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "இராஜாங்கண்ணே, அது தூக்குன கையா, வச்ச கையா? எனக்கு எழுதணும்."

எங்கோ ஒருவர் சிரித்தார். இராஜாங்கம் மறுபடி முயன்றார். காதோரம் வரை போய், நடுங்கி, விழுந்தது. முகம் வேர்த்துவிட்டது. அவருடைய நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. செவ்வந்தி எழுந்து நிற்பது தெரிந்தது.

"தூக்குனது" என்றார். சத்தம் பத்தவில்லை என்று அவருக்கே தோன்றி, இன்னொரு தடவை சொன்னார். "இது தூக்குன கை. அன்னைக்குத்தான் வச்ச கை. நரம்புல பலம் இல்ல, நிமிர மாட்டேங்குது."

நரம்பு என்று அத்தனை பேருக்கு நடுவில் சொல்லிவிட்டார். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் முறை கை விழுந்ததை இப்போது எல்லோரும் பார்த்தார்கள். தங்கையனும் பார்த்தார். தன் கையைத் தூக்கியபடியே ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். இராஜாங்கத்தின் பக்கத்தில் நின்று, இடது உள்ளங்கையை அந்த முழங்கைக்கு அடியில் கொடுத்து, மேலே தள்ளினார். கை நிமிர்ந்தது.

"எழுதுய்யா" என்றார் தியாகராசனைப் பார்த்து.

"ஒருத்தர் கையை இன்னொருத்தர் தூக்குனா அது எப்படி..." என்று தியாகராசன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, எழுதுங்க என்று தலையசைத்தார்.

எழுதி முடித்துப் படித்தார். அனைவரும் எதிர்ப்புத் தெரிவித்ததாகத் தீர்மானிக்கப்பட்டது. இராஜாங்கம் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தச் சொல் இல்லை. தீர்மானத்திலிருந்துதான் போயிற்று, ஊர் வாயிலிருந்து போகவில்லை. பட்டப்பெயருக்கு எந்த டாக்டரிடம் ஊசி இருக்கிறது?

கூட்டம் கலைந்ததும் மைத்துனர்கள் இருவரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். ஆற்றுப் பாலத்தில் தங்கையன் நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மச்சான், நேத்துத் தெரியலைன்னு சொன்னீங்களே."

"இன்னைக்கும் தெரியலை மாப்ள."

தங்கையன் தலையை ஆட்டினார். கீழே தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு அவன் நஷ்டஈடுன்னு பேசுனப்ப, கொடுத்துடலாமான்னு எனக்கும் ஒரு நிமிசம் வந்துச்சு" என்றார் தங்கையன். "என் கை நல்ல கை. மடியிலயே இருந்துடுச்சு."

பிறகு இருவரும் வயலுக்குப் போனார்கள். தங்கையன் இரண்டு மடைகளையும் திறந்துவிட்டார்.